திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கட்டிய எல்லை ஊர்

கொரட்டூர் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில், மாலை 6 மணிக்கு மேல் ஓர் அத்தோ வண்டி நிற்கும். மஞ்சள் நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, மேலே பேஜோவை நொறுக்கித் தூவிக் கொடுப்பார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். வியாசர்பாடியிலும் பாரிமுனையிலும் அரை நூற்றாண்டாக விற்கப்படும் இந்தப் பர்மிய உணவு, இப்போது அம்பத்தூர் வட்டாரத்துத் தெருக்களுக்கும் வந்துவிட்டது.

ஒருநாள் மாலை வண்டிக்காரர் கைப்பேசியில் யாரையோ அழைத்துப் பார்த்துவிட்டு, “மாமா படுத்திருப்பாரு. மோரேல அஞ்சு மணிக்கே இருட்டிடும் சார்” என்றார். மோரே எங்கே இருக்கிறது என்று அருகில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞர் கேட்டார். மணிப்பூரில், பர்மா எல்லையில் என்று பதில் வந்தது. “மணிப்பூர்ல தமிழ்க்காரங்களா?” என்று அந்த இளைஞர் வியந்தார். 2023இல் மணிப்பூர் கலவரச் செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தபோது, நன்கு படித்த நண்பர்கள் சிலரும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஊருக்குத் தமிழர்கள் சென்றார்கள் என்று சொல்வதைக் காட்டிலும், ஒரு வாசல் மூடப்பட்டதால் அங்கே நின்றுவிட்டார்கள் என்று சொல்வதே பொருந்தும். அந்த வாசலின் கதை தமிழ்நாட்டின் கதையோடு பின்னிப் பிணைந்தது.

மோரே, இம்பாலிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், தெங்நௌபால் மாவட்டத்தில் உள்ள சிற்றூர். சென்னையிலிருந்து கணக்கிட்டால் 3,000 கிலோமீட்டருக்கு மேல். பாலேலைத் தாண்டியதும் சாலை மலை ஏறத் தொடங்கும். வளைந்து வளைந்து சென்று, மறுபுறம் இறங்கி, மலைத்தொடர் முடியும் அடிவாரத்தில் ஊரைத் தொடும். அதற்கு அப்பால் சமவெளி. அந்தச் சமவெளிதான் மியான்மரின் கபாவ் பள்ளத்தாக்கு. சில கிலோமீட்டர் தொலைவில் சகாயிங் பகுதியைச் சேர்ந்த டாமு நகரம் இருக்கிறது.

ஊரில் எல்லையைக் கடக்க இரண்டு வாசல்கள் உண்டு. முதலாவது நட்புறவுப் பாலத்தின் வழியே டாமு சாலைக்குச் செல்வது. இரண்டாவது, மியான்மர் பக்கத்து நாம்பலாங் சந்தைக்கு நேராகத் திறப்பது. நல்ல காலங்களில், அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் காலையில் அந்தப் பக்கம் போய், பிற்பகல் 4 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது நடைமுறை. மியான்மரின் கடிகாரம் நம்முடையதைவிட 1 மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஆகவே எல்லை வணிகர்கள் எப்போதும் இரண்டு நேரங்களை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

மலையின் அடிவாரத்தில் எல்லைக்கோடு ஏன் வந்து விழுந்தது? இதற்கு விடை காண ஏறத்தாழ 200 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1819 முதல் 1826 வரை மணிப்பூர் பர்மியப் படைகளின் ஆக்கிரமிப்பில் சிதைந்தது. அந்த ஏழாண்டுப் பேரழிவை மணிப்பூர் மக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முதல் ஆங்கில–பர்மியப் போரின்போது, ஆங்கிலேயர் துணையுடன் இளவரசர் கம்பீர் சிங் நாட்டை மீட்டதோடு நில்லாமல், மலைக்குக் கிழக்கே கபாவ் பள்ளத்தாக்கையும் கைப்பற்றினார். 1826 பிப்ரவரி 24 அன்று யாண்டபு உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால் பள்ளத்தாக்கு யாருக்குரியது என்ற வழக்கு ஓயவில்லை. ஆவா அரசரைப் பகைத்துக்கொள்ள விரும்பாத கிழக்கிந்தியக் கம்பெனி, 1834இல் அதைப் பர்மாவுக்கே விட்டுக்கொடுத்தது. இழப்பீடாக மணிப்பூர் அரசருக்கு மாதம் 500 சிக்கா ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டது. கேப்டன் பெம்பர்டன் வகுத்த எல்லை மலைகளின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிச் சென்றது. மலை ஒருவருக்கு, வயல் மற்றவருக்கு. மலையில் வாழ்ந்து பள்ளத்தாக்கில் உறவும் சந்தையும் வைத்திருந்த குக்கி, நாகா மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. மாதம் 500 ரூபாய்க்கு முடிந்த இந்த ஏற்பாட்டைப் பற்றி மணிப்பூரில் இன்றும் மனக்குறை உண்டு.

1886இல் மேல் பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவோடு இணைக்கப்பட்ட பிறகு, இந்தக் கோட்டின் இரு புறமும் ஒரே பேரரசின் நிழலில் வந்தன. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனியாகப் பிரிக்கப்படும் வரை, ரங்கூன் என்பது சட்டப்படி இந்தியாவின் ஒரு மாகாணத் தலைநகரம். தஞ்சாவூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் புறப்பட்ட கூலித் தொழிலாளருக்கு அது வெளிநாடு அல்ல. கப்பலில் சென்று சேரும் இன்னொரு ஊர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பர்மாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் இருந்தனர். ரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர். ஐராவதி ஆற்றுப் படுகையில் நெல் விளைவிக்கத் தேவைப்பட்ட மூலதனத்தை நகரத்தார் கடனாகக் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து கடன்கள் திரும்பாதபோது, கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு அவர்கள் கைக்கு வந்தது. நிலத்தை இழந்த பர்மிய உழவரின் கோபம் பின்னாளில் யார்மீது பாய்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, நமக்கு உவப்பற்ற இந்த உண்மையையும் நினைவில் கொள்ள வேண்டும். கோபத்தின் சுமையைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு சென்ட் நிலமும் இல்லாத துறைமுகக் கூலிகள் என்பது வேறு விஷயம்.

இத்தனை லட்சம் பேரும் கடல் வழியாகவே போய் வந்தார்கள். மோரே வழியை அவர்கள் அறிந்தது 1942இல்தான். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனைக் குண்டு வீசித் தாக்கின. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். சிந்த்வின் ஆற்றை ஒட்டி மேலேறி, காலேவாவைக் கடந்து, மலேரியாவுக்குப் பேர்போன கபாவ் பள்ளத்தாக்கைத் தாண்டி, டாமு வழியாக மலையேறிப் பாலேலுக்கும் இம்பாலுக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டு பர்மாவிலிருந்து வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ 5 லட்சம் பேர் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. வழியில் பசியாலும் காலராவாலும் காய்ச்சலாலும் இறந்தவர்கள் 10,000 முதல் 50,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். மதிப்பீட்டில் இவ்வளவு இடைவெளி இருப்பதிலிருந்தே, இறந்தவர்களைக் கணக்கெடுக்க ஆளில்லை என்பது விளங்கும். ஐரோப்பியருக்கு வசதியான வழியும் இந்தியருக்குக் கடினமான வழியும் ஒதுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. 1944இல் ஜப்பானியப் படைகளும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இதே சாலையில் எதிர்த் திசையில் வந்தன. அந்த ராணுவத்தில் மலேயாவிலும் பர்மாவிலும் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் கணிசமாக இருந்தனர். பாலேலை நெருங்கி, பின்வாங்கி, பலர் அந்தக் காடுகளிலேயே மாண்டனர்.

போர் முடிந்ததும் திரும்பிப் போனவர்கள் உண்டு. 1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. அதன் பிறகு நிகழ்ந்தவை காகிதங்களின் வரலாறு. குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களின் மனுக்கள் தேங்கின. விண்ணப்பிக்காதவர்கள் அயல்நாட்டார் பதிவுச் சான்றிதழ் பெற்று, ஆண்டுதோறும் கட்டணம் கட்டி வாழ்ந்தார்கள். 1962 மார்ச் 2 அன்று தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகளும், 1964 மார்ச் மாதம் கடைகளும் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. வங்கியை நம்பாமல் பெட்டியில் பணம் வைத்திருந்த சிறு வணிகருக்கு அந்த ஓர் அறிவிப்போடு எல்லாம் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். கையில் கொண்டுவர அனுமதிக்கப்பட்டது மிகச் சொற்பமான தொகை.

அந்த 1964ஆம் ஆண்டைத் தமிழர் வரலாற்றில் தனியே குறித்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பர்மாவில் கடைகள் பறிபோன அதே ஆண்டு அக்டோபரில், இலங்கை மலையகத் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்து, தலைமன்னாருக்குச் சென்றுகொண்டிருந்த பழைய வழியையும் துண்டித்தது.

சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களுக்கு அரசு செய்தவை குறைவல்ல. பல ஊர்களில் பர்மா காலனிகள் உருவாயின. 1969இல் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் வந்தது. தாயகம் திரும்பியோருக்கு உதவ ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆனால் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற அரசுச் சொல், பர்மாவில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு எவ்வளவு பொருந்தியது?

அத்தோ வண்டிக்காரரின் தாயாரைப் பின்னர் ஒருநாள் சந்தித்தேன். எழுபதைக் கடந்தவர். மாண்டலே அருகே பிறந்து, பதினைந்து வயதில் கப்பலில் வந்தவர். “அப்பாவுக்கு இங்க ஒண்ணும் ஒட்டல தம்பி. தமிழ் பேசத் தெரியும், ஆனா ஆளுங்க யாரையும் தெரியாது. அங்க போனாக் கடைத்தெருவுல பாதிப்பேர் சிநேகிதம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு” என்றார். திருமணமான மகளை இங்கே விட்டுவிட்டு, மற்ற பிள்ளைகளோடு அவர் தந்தை ரயிலேறினார். கடல் வழி அடைபட்டிருந்தது. தரை வழி ஒன்று உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திமாபூர் வரை ரயில், அங்கிருந்து இம்பால், பிறகு மலைப்பாதை.

1960களின் பிற்பகுதியில் இப்படிப் புறப்பட்டவர்கள் பலர். சிலர் எல்லையைத் தாண்டிச் சென்றார்கள். பலர் பர்மிய அதிகாரிகளால் பிடிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மீண்டும் தமிழ்நாட்டுக்குப் போகக் கையில் பணமில்லை, மனமும் இல்லை. வாசல் என்றாவது திறக்கும் என்று எண்ணி, மோரேயில் கூரை வேய்ந்துகொண்டார்கள். அப்போது அது குக்கி மக்களின் சிறு கிராமம். 1967 மார்ச் 10 அன்று இந்தியாவும் பர்மாவும் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டு, 1834ஆம் ஆண்டுக் கோட்டை ஏறத்தாழ அப்படியே உறுதிப்படுத்தின. அந்தக் கோட்டின் ஓரத்தில் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள்.

காத்திருந்தவர்களுக்கு ஒரு மூலதனம் இருந்தது, பர்மிய மொழி. அந்தப் பக்கத்து வணிகருடன் அவர்கள் மொழியில் பேரம் பேசவும், இந்தப் பக்கத்துச் சரக்கை அவர்களுக்கு விளக்கவும் தமிழரால் முடிந்தது. விரைவிலேயே தமிழ், பர்மியம், மணிப்புரி, இந்தி, குக்கி எனப் பல மொழிகள் ஒரே கடையில் புழங்கின. மருந்து, துணி, மிதிவண்டி உதிரிப் பாகங்கள் அங்கே போயின. பாக்கும் அரிய கற்களும் தேக்கும் பின்னர் சீன, தாய்லாந்துப் பொருள்களும் இங்கே வந்தன. இவற்றில் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வணிகம். ஊர் வளர்ந்தது. தமிழ்ச் சங்கம் உருவானது. அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில் கோபுரம் எழுந்தது. இட்லிக் கடையும் வந்தது. உச்சத்தில் தமிழர் எண்ணிக்கை 15,000ஐத் தாண்டியிருந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் கூறுவார்கள். இன்று எஞ்சியிருப்போர் சுமார் 3,000 பேர் என்று சொல்லப்படுகிறது.

அத்தோவையும் மொய்ங்காவையும் சென்னைக்குக் கொண்டுவந்ததும், இட்லியை மோரேக்குக் கொண்டுபோனதும் ஒரே மக்கள்.

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லையில் வாழும் மலைப்பழங்குடியினர் கடவுச்சீட்டு இல்லாமல் இரு பக்கமும் 40 கிலோமீட்டர் வரை சென்று வரலாம் என்று 1950 செப்டம்பரில் இந்திய அரசு விதித்தளர்வு அளித்தது. கோட்டின் இரு பக்கமும் வாழும் உறவினரைப் பிரிக்கக் கூடாது என்ற நியாயமான எண்ணமே அதற்குக் காரணம். 2004இல் அந்தத் தொலைவு 16 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. தடையற்ற நடமாட்ட முறை என்று இப்போது அழைக்கப்படுவது இதுதான். ஆனால் மோரேத் தமிழர் பழங்குடியினர் அல்லர். அவர்கள் பிறந்ததும் வாழ்வதும் அந்த வாசலருகில்தான். அவர்களின் பெற்றோர் பிறந்ததோ வாசலுக்கு அப்பால். எனினும் 1950ஆம் ஆண்டு விதி நினைத்துப் பார்த்த ‘எல்லை மக்கள்’ என்ற வட்டத்துக்குள் அவர்கள் வரவில்லை. சந்தைக்குச் சென்று வரும் பகல்நேர அனுமதியை நம்பியே அவர்களின் பிழைப்பு நடந்தது. உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாடு வாசல் திறந்திருக்கும்வரை யாருக்கும் உறைப்பதில்லை.

வணிகத்தை முறைப்படுத்தும் முயற்சி 1990களில் வந்தது. 1994 ஜனவரி 21 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, 1995 ஏப்ரல் 12 அன்று மோரேயில் எல்லை வணிகம் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. முதலில் 22 பொருள்களைப் பண்டமாற்று முறையில் பரிமாறலாம் என்றார்கள். பட்டியல் பின்னர் 40 ஆகி, 62 ஆனது. 2015 டிசம்பர் முதல் பண்டமாற்று முறையே கைவிடப்பட்டு, வழக்கமான ஏற்றுமதி, இறக்குமதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. தில்லியில் இவை சீர்திருத்தங்களாகத் தோன்றியிருக்கும். தலைச்சுமையாகச் சரக்குக் கொண்டுவரும் சிறு வியாபாரிக்கு ஏற்றுமதி உரிமமும் வங்கிக் கடன் உறுதிப் பத்திரமும் எங்கிருந்து வரும்? சந்தையில் விற்பனையான பொருள்களுக்கும் பட்டியலில் இருந்த பொருள்களுக்கும் பெரிதாகத் தொடர்பும் இருக்கவில்லை. முறையான வணிகம் வளர்வதற்குப் பதிலாக, பழைய முறைசாரா வணிகமே தொடர்ந்தது. அதனூடே போதைப்பொருள் கடத்தலும் ஆயுதக் குழுக்களின் வரிவசூலும் கலந்தன. 1990களில் நாகா–குக்கி மோதலும், அதையொட்டிக் குக்கி மக்களோடு ஏற்பட்ட பிணக்கும் தமிழர் பலரை ஊரைவிட்டே கிளம்பச் செய்தன.

இதே காலத்தில்தான் இந்தச் சிற்றூரைப் பற்றிய பெருங்கனவுகளும் வரையப்பட்டன. 2001 பிப்ரவரியில், டாமுவிலிருந்து காலேம்யோ வரை இந்தியா அமைத்த 160 கிலோமீட்டர் நட்புறவுச் சாலை திறக்கப்பட்டது. மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கிலோமீட்டருக்கு முத்தரப்பு நெடுஞ்சாலை என்றார்கள். 2018 ஆகஸ்ட் 8 அன்று மோரே–டாமு, கடவுச்சீட்டும் விசாவும் கொண்டு எவரும் கடக்கக்கூடிய பன்னாட்டு வாயிலாக அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரி 4 அன்று பிரதமர் அங்கே ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைத் திறந்துவைத்தார். தென்கிழக்கு ஆசியாவுக்கு நுழைவாயில் என்ற சொற்றொடர் எல்லா உரைகளிலும் இடம்பெற்றது. மாண்டலேயில் தங்கிப்போன உறவினரைப் பார்க்க முறையான வழி பிறந்ததே என்று மோரேத் தமிழர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

அந்த மகிழ்ச்சி இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக வாசல்கள் மூடப்பட்டன. 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. சகாயிங் பகுதி எதிர்ப்புப் படைகளின் களமானது. இப்போது டாமு பக்கத்திலிருந்து அகதிகள் மோரேக்கு ஓடி வந்தார்கள். 2022 ஜூலை 5 அன்று, எல்லைக்கு அப்பால் சென்ற மோரேத் தமிழ் இளைஞர்கள் இருவர் டாமுவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ராணுவ ஆதரவு ஆயுதக் குழுவினர் மீது சந்தேகம் தெரிவிக்கப்பட்டது. வாசல் முறைப்படி மூடியிருந்த காலம் அது. வேறு பிழைப்பு இல்லாத ஊரில் வாசலை மூடினால் மக்கள் போவதை நிறுத்திவிடமாட்டார்கள். பதிவேட்டில் பெயர் எழுதாமல் போவார்கள். அப்படிப் போனவர்களுக்கு ஏதேனும் நேர்ந்தால், அவர்களைத் தேடும் பொறுப்பு யாருக்கும் இருக்காது.

2023 மே 3 அன்று மணிப்பூரில் வெடித்த மெய்தி–குக்கி மோதல் மோரேயையும் விட்டுவைக்கவில்லை. மெய்தி குடியிருப்புகள் அழிந்தன. இரு தரப்பிலும் சேராத தமிழர் வீடுகளும் தீக்கிரையாயின. இம்பாலுக்குச் செல்லும் ஒரே முதன்மைச் சாலையில் பயணம் செய்வதே ஆபத்தானது. அந்த ஆண்டு ஜூலை இறுதியில் தமிழ்நாடு முதலமைச்சர் மணிப்பூர் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதி, ஏறத்தாழ 10 கோடி ரூபாய் மதிப்புள்ள நிவாரணப் பொருள்களை அனுப்ப முன்வந்தார். 2024 பிப்ரவரியில், 1,643 கிலோமீட்டர் நீள மியான்மர் எல்லை முழுவதும் வேலி அமைக்கப்படும் என்றும், தடையற்ற நடமாட்ட முறை நீக்கப்படும் என்றும் மத்திய உள்துறை அமைச்சர் அறிவித்தார். முதல் 10 கிலோமீட்டர் வேலி மோரேயில்தான் எழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் புதிய நடைமுறை வந்தது: எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்போர், அனுமதிச் சீட்டுப் பெற்று, குறிப்பிட்ட இடங்கள் வழியாக மட்டும் கடக்கலாம்.

ஆயுதமும் அபினும் அந்த எல்லை வழியே வருகின்றன என்ற அரசின் கவலையை நான் மறுக்கவில்லை. மியான்மரில் நடக்கும் போரைப் பார்த்துக்கொண்டு எந்த அரசும் கதவை அகலத் திறந்துவைக்காது. பழைய விதியைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் வேலி வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் முழுவதும் நாட்டுப் பாதுகாப்புக்கும் நாகா, குக்கி மக்களின் உறவுரிமைக்கும் இடையிலேயே நடக்கிறது. வாசலை நம்பி உருவான மூன்றாவது கூட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 40, 16, 10 என்று கிலோமீட்டரைச் சுருக்கிக்கொண்டே வரும் இந்த விதியில், ‘எல்லைவாசி’ என்பதன் அளவுகோல் இனமா, வசிப்பிடமா என்பதைக் களத்தில் சீட்டு வழங்கும் அலுவலரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. 60 ஆண்டுகளாக எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்பவர் எல்லைவாசி இல்லையென்றால் வேறு யார்? அதை விதியிலேயே தெளிவாக எழுதிவைக்கலாம். நிலைமை சீரடைந்து சந்தை திறக்கும்போது, தலைச்சுமை வியாபாரத்துக்கு என எளிய உச்சவரம்பு ஒன்றை வைத்து, உரிமக் கெடுபிடிகளிலிருந்து விலக்கும் அளிக்கலாம்.

தமிழ்நாட்டு அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. அயல்நாடுகளில் வாழும் தமிழருக்காக நலத்துறையும் வாரியமும் வைத்திருக்கிறோம். மோரேத் தமிழர் அயல்நாட்டில் இல்லை, இந்தியாவிலேயே இருக்கிறார்கள். அதனால் அந்தத் துறையின் கண்ணிலும் பட எளிதில் வாய்ப்பில்லை. பர்மாவிலிருந்து வந்தோருக்கான பழைய உதவிகளோ தமிழ்நாட்டில் தங்கியவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. எரிந்த வீடுகளுக்கான இழப்பீடு, மேற்படிப்புக்காகச் சென்னை வரும் பிள்ளைகளுக்கு விடுதியும் சான்றிதழ்ச் சிக்கல் இல்லாத சேர்க்கையும் என்று, சில ஆயிரம் பேருக்கு மட்டுமே ஆகக்கூடிய இந்தச் செலவு ஓர் அரசுக்குப் பெரிதல்ல.

தம்பியைச் சென்னைக்கே அழைத்துக்கொள்ளலாமே என்று அந்தத் தாயாரிடம் கேட்டேன். பலமுறை கூப்பிட்டாயிற்று என்றார். “ரேஷன் கார்டு, ஓட்டு, அப்பா சமாதி எல்லாம் அங்கதான் இருக்கு. இங்க வந்து மறுபடி மொதல்லேர்ந்தா தம்பி?” தம்பிக்கும் எழுபது ஆகிறது. கடையைப் பாதி நாள் திறப்பதில்லையாம். வாரத்துக்கு இரண்டு முறை அவர் அழைக்கும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே, கேட் திறந்துவிட்டார்களா என்றுதான் இவர் கேட்கிறார்.